முதல் வருடத்தில் சேராதவை

கல்கத்தா டாக்குரியா வீட்டின் சாப்பாட்டு மேஜையில் மூன்று மருத்துவக் காப்பீட்டு விளக்கத்தாள்கள் விரிந்து கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் ஒன்றின் மேல் சர்க்கரை டப்பாவையும் இன்னொன்றின் மேல் ஊறுகாய் ஜாடியையும் வைத்திருந்தோம். மூன்றாவதை அத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு, மடியில் சுருக்கெழுத்து நோட்டை வைத்திருந்தாள். 2002-ஆம் வருடம், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் வாசித்தேன், அவள் எழுதிக்கொண்டாள். இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்று நான் வாசித்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அத்தை ஒரு வருடம் தன் உயிரை வைத்துப் பந்தயம் கட்டினாள் என்பது எனக்குத் தெரிய வந்தது வெகு தாமதமாகத்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தூத்துக்குடியில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை நம்பி இருபத்திரண்டு வயதில் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியவள். டல்ஹௌசி பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தாள். வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயின. பிறகு அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அப்பாவின் துறைமுக ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நாலு பெயர்கள்தான் இருந்தன. சம்பாதிக்கும் தங்கையைச் சார்ந்திருப்பவர் பட்டியலில் சேர்க்க விதியில்லை. தொண்ணூறுகளில் ஒருமுறை வீட்டில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. நாங்கள் நாலு பேரும் துறைமுக ஆஸ்பத்திரியில் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தோம். அத்தை மட்டும் காளிகாட் சந்து ஒன்றில் இருந்த சிறிய நர்சிங் ஹோமில் தனியாகப் படுத்திருந்தாள். செலவைக் கம்பெனி பிறகு கொடுத்துவிட்டது. தினமும் சாயங்காலம் வார்டு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை டெலிபோன் கடைக்கு நடந்துவந்து எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பேசுவாள். 'நான் நல்லா இருக்கேன்' என்பதுதான் அவள் சொல்லும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும்.

அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு தூத்துக்குடிக்குத் திரும்பினார். அண்ணன் வேலை கிடைத்துப் பூனாவுக்குப் போய்விட்டான். பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்ததால் நானும் அத்தையும் டாக்குரியா வீட்டிலேயே தங்கினோம். அந்தச் சமயத்தில்தான் தேயிலைக் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் முதலில் செய்த காரியம், இனி ஊழியர்களின் மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்காது, அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று சுற்றறிக்கை விட்டது. அதைத் தட்டச்சு செய்தவளே அத்தைதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, தன் கையாலேயே தனக்கு ஓலை அடித்துவிட்டு வந்ததாகச் சிரித்தபடி சொன்னாள். ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு வயது நாற்பத்தாறு.

தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அதற்கு முன் அரசாங்கக் கம்பெனிகள் மட்டும்தான், எதில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே விலை. இப்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் பிரீமியம் குறைவு, ஆனால் பணத்தை நாம் கட்டிவிட்டுப் பிறகு ரசீதுகளோடு அலைய வேண்டும். இன்னொன்றில் அட்டையைக் காட்டினால் போதும், ஆனால் அறை வாடகைக்கு உச்சவரம்பு. மூன்றாவதில் எல்லாம் இருந்தது, விலையும் இருந்தது. எதிர் ஃபிளாட்டில் குடியிருந்த வங்காளி ஏஜெண்ட் ஒருவர்தான் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். காக்கு, அதாவது சித்தப்பா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். நான் கணக்கு டீச்சர். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒரு லட்சத்துக்கு எவ்வளவு, இரண்டு லட்சத்துக்கு எவ்வளவு, ஐம்பத்தாறு வயதானால் எவ்வளவு ஏறும் என்றெல்லாம் நிரப்பினேன். நிரப்ப நிரப்பப் பயம்தான் கூடியது. மலிவானதை எடுத்தால் எங்கேயோ ஓட்டை இருக்கும். விலை கூடியதை எடுத்தால் வருடா வருடம் கட்ட முடியுமா என்று தெரியாது. ஒரு வருடம் விட்டுப்போனாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பொடி எழுத்தில் இருந்ததையும் வாசித்துக் காட்டினேன். பாலிசி எடுத்த முதல் வருடத்தில் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கர்ப்பப்பைக் கட்டி. அந்த மலிவான திட்டத்தில் இதே பட்டியல் இரண்டு வருடத்துக்கு. அத்தை பென்சிலை நிறுத்தினாள்.

"முதல் வருசம்னா, எடுத்த தேதியிலேர்ந்து முழுசா பன்னெண்டு மாசமா?"

ஆமாம், ஒருநாள் குறைந்தாலும் தர மாட்டார்கள் என்றேன். விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஆசிரியையின் பெருமை எனக்கு. பிறகு, மலிவான திட்டமே போதும், மிச்சமாகும் பணத்தில் வருடத்துக்கு நாலு காஸ் சிலிண்டர் வாங்கலாம் என்று என் கருத்தைச் சொன்னேன். வெண்டைக்காய்க்கே பேரம் பேசும் அத்தை அன்று என் கட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு வருடக்காரன் வேண்டாம், ஒரு வருடக்காரனையே எடுப்போம் என்றாள். ஏனென்று கேட்டதற்கு, எதையும் ரொம்ப நாள் இழுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பத்தில், ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் தன் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு உண்டான இருதய, சர்க்கரைச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை இப்போது நினைத்தால், நான் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்ததுதான் தெரிகிறது. துர்கா பூஜை நாட்களில் பந்தல் பந்தலாக என்னை இழுத்துக்கொண்டு அலைபவள் அந்த வருடம் கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வெளிர் நிறப் புடவைகள் பீரோவுக்குள் போயின. கறுப்பும் கருநீலமுமாகப் புதிதாக வாங்கினாள். ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதியில் நின்று, கடைப்பலகையைப் படிப்பதுபோல மூச்சு வாங்குவாள். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுவாள். சின்னப் பிள்ளை மாதிரி இதென்ன பழக்கம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். முகம் மட்டும் நாளுக்கு நாள் மெழுகாக வெளுத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போவோம் என்று சொல்லும்போதெல்லாம், மாதவிலக்கு நிற்கிற வயசு, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்பாள். தெருமுனை ஹோமியோபதிக்காரரிடம் வெள்ளை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். அவர் எதையும் எழுதிக் கொடுக்கமாட்டார் என்பதுதான் அவரிடம் அவள் போன காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு படபடப்பு. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பியூன் வாசலில் வந்து நின்றால் அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன்.

மறு வருடம் ஜூலையில் ஒரு காலை, குளியலறையில் அத்தை விழுந்தாள். கதவைத் தள்ளித் திறந்தபோது தரையெல்லாம் ரத்தம். காக்குவின் மனைவி ஓடிவந்து, அத்தையைத் தன் பருத்திப் புடவையால் சுற்றி, டாக்சியில் தன் மடியிலேயே படுக்க வைத்துக்கொண்டு வந்தாள். தேங்கிய மழைத் தண்ணீரில் வண்டி நகரவே இல்லை. அத்தையின் உள்ளங்கை காகிதம்போல வெளுத்திருந்தது.

நர்சிங் ஹோமில் நடுத்தர வயதுப் பெண் டாக்டர். ரத்த அளவைப் பார்த்துவிட்டு, இந்த அளவில் ஆள் நடமாடியதே அதிசயம் என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று வங்காளத்தில் கேட்டார். இந்த மாதம்தான் என்று அத்தை வங்காளத்திலேயே பதில் சொன்னாள். டாக்டர் நம்பவில்லை. கட்டி பெரிதாக இருக்கிறது, உடனே ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும், உண்மையைச் சொன்னால்தான் என்னால் மேற்கொண்டு யோசிக்க முடியும் என்றார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். டாக்டருக்குப் புரியாத தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. ரத்தத்த மட்டும் ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம். ஆப்பரேசன் பொறவு. ரெண்டு வருசமா இருக்குன்னு சொல்லிராத, எழுதிருவாங்க."

முதலில் எனக்குப் பத்தொன்பது என்ற எண்ணே புரியவில்லை. பிறகு புரிந்தது, பாலிசிக்கு ஒரு வருடம் முடிய இன்னும் பத்தொன்பது நாள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய வருடமே அவள் தனியாக ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள், கட்டி என்று தெரிந்து சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறாள்; இதைப் பின்னால் அவளே சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெருமையாக வாசித்த பட்டியலில் தன் நோயின் பெயரைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டு மாதம் தாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். இரண்டு வருடம் தாங்காது என்று தெரிந்துதான் கூடுதல் விலைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. நான் ஒன்றைச் சொன்னால் அது காகிதத்தில் ஏறும், ஏறினால் அவளுடைய ஒரு வருடமும் வீண். சொல்லாமல் விட்டால் அவள் ரத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு நாட்களை எண்ணப் போவாள். அவள் பேசியது தமிழில், அதை நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம், டாக்டருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அத்தைக்கு வங்காளம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழும். அவள் கண்ணைப் பார்க்காமல், இரண்டு வருடமாக இருக்கிறது, காப்பீட்டுக்காகப் பத்தொன்பது நாள் காத்திருக்கலாம் என்கிறார், நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். என் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. டாக்டர் எழுதினார்.

இரண்டு நாள் ரத்தம் ஏற்றி, மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. புற்று இல்லை, ஆனால் இருதயம் திணறத் தொடங்கியிருந்தது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் பொறுப்பேற்றிருக்க முடியாது என்றார் டாக்டர். செலவுக்கு அத்தையின் சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. மீதியை அப்பா கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டபோது அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னோடு அவள் ஏழெட்டு நாள் பேசவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தாள், மாத்திரைக்குக் கை நீட்டினாள், அவ்வளவுதான். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் காட்டிக் கொடுத்தவளைப் போலத்தான் வீட்டுக்குள் நடமாடினேன்.

ஒருநாள் தலை பின்னிவிடும்போது அவளாகவே பேசினாள்.

"ஒங்க அப்பா புஸ்தகத்துல எம்பேரு இல்ல. அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா பேரு இல்லாதவ செலவு வைக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு ரோசம்."

நான் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னினேன்.

தேதியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக் காப்பீட்டுப் பணத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று காக்கு ஏதோ வழி சொன்னார். அத்தை மறுத்துவிட்டாள். புதுப்பிக்கும் நேரத்தில் கம்பெனிக்குத் தானே ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். நோய் எப்போது தொடங்கியது, விண்ணப்பத்தில் எதை மறைத்தேன், என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்று ஒரு பிழையில்லாமல் இரண்டு பக்கம். பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கூடுதல் பிரீமியத்தோடு புதுப்பித்து, கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடையாது என்று ஒரு விலக்கையும் சேர்த்து அனுப்பினார்கள். அதை வாசித்துவிட்டு, இல்லாத பொருளுக்கு விலக்கு போட்டிருக்கிறான் என்று தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு. இன்னும் டாக்குரியாவில் என்னோடுதான் இருக்கிறாள். எனக்கு அன்றைய அவள் வயது. நானும் தனி ஆள்தான். போன மாதம் பள்ளிக்கூடத்தின் குழுக் காப்பீடு நின்றுபோய், எனக்கென்று ஒரு பாலிசி எடுத்தேன். இப்போது கட்டம் போட வேண்டாம், கைபேசியிலேயே பத்துத் திட்டங்களை வரிசையாக ஒப்பிட்டுக் காட்டிவிடுகிறார்கள். முதல் முப்பது நாளுக்கு எந்த நோய்க்கும் பணம் இல்லை என்று அதிலும் இருந்தது. எடுத்த இரண்டாவது வாரம், குளிக்கும்போது மார்பில் ஒரு சிறிய முடிச்சு கையில் தட்டுப்பட்டது. துடைத்துக்கொண்டு வெளியே வந்து நான் முதலில் செய்தது, தேதி பார்த்ததுதான். முப்பது நாள் முடியட்டும் என்று மனம் சொன்னது. அத்தையின் கதை முழுதும் தெரிந்த என் மனம்தான் அப்படிச் சொன்னது. நாலு நாள் அதைக் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

இன்று காலை இட்லித் தட்டை வைத்துவிட்டு முடிச்சைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அத்தை எழுந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவினாள், உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் பையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.