பொண்ணு வீட்டில் கேட்ட சம்பளம்

கட்டட வேலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாருக்கும் பின்னால் போய், எல்லாரையும்விடக் கம்மியாக வாங்குகிறவனுக்கு சைட் சூப்பர்வைசர் என்று பேர். சிமெண்ட் தூசியில் தலை நரைத்த சகாக்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! என் சம்பளம் பதினெட்டாயிரம். இதைச் சத்தமாகச் சொன்னதே இல்லை. டி. கல்லுப்பட்டியில் ஒரு பொண்ணு பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. அவள் அப்பாதான், "மாப்பிள்ளைக்கு எம்புட்டு வருது?" என்று கேட்டுவிட்டார். "விசாரிச்சுச் சொல்றோம்" என்றார் என் அப்பா, என்னவோ என் சம்பளம் வெளியூரில் இருக்கிற மாதிரி.

ஏற்றம்

சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு தொகை வேண்டுமே என்று முதலாளியிடம் போனேன். எனக்குக் குரலே வெளியே வராது. அதிலும் மிக்ஸர் மெஷின் ஓடும்போது போய்க் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தச் சொன்னார். மறுபடி கேட்டேன். இந்தத் தடவை சித்தாள்கள் உட்பட அத்தனை பேருக்கும் கேட்டது.

மறுநாள் ஒரு வெள்ளை ஹெல்மெட்டும், ‘சீனியர் சூப்பர்வைசர்’ என்று அடித்த அட்டையும் கையில் கொடுத்தார். "சம்பளத்தை எப்ப வேணா ஏத்திக்கலாம் தம்பி, மொதல்ல மரியாதையை ஏத்துவோம்!"

சாக்கு

வண்டியூரில் நாங்கள் கட்டுகிற வீட்டின் ஓனர், பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்து, சம்பளம் என்ன என்றார். முதலாளியிடம் நமக்காகப் பேசுவாரோ என்ற நப்பாசையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது. பாவம், இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் சிமெண்ட் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலிச் சாக்கை எண்ண ஆரம்பித்துவிட்டார். ஏன் சார் என்றேன். "பதினெட்டாயிரத்துல ஒரு மனுசன் இம்புட்டுச் சிரிச்ச மொகமா இருக்க முடியாது தம்பி. மிச்சம் எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்கணும்ல?"

தளம் போட்ட அன்றைக்கு

பொண்ணோட அப்பா சொல்லாமல் கொள்ளாமல் சைட்டுக்கே வந்துவிட்டார். அதுவும் தளம் போடுகிற அன்றைக்கு. ஓனர் எங்கள் இருளாண்டிக் கொத்தனாருக்கு மாலை போட்டு, வேட்டி துண்டும் தட்டில் பணமும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளை ஹெல்மெட்டோடு பிரியாணிப் பொட்டலம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மாமா கொத்தனாரை ஓரமாகக் கூட்டிப்போனார். இருவரும் ஒரே ஊர்ப் பக்கம் என்று தெரிந்ததும் பேச்சு ஒட்டிக்கொண்டது. நானும் பொட்டலத்தோடு கிட்டத்தில் போய் நின்றேன். என் சம்பளம் என்ன என்று கேட்டார் மாமா. கொத்தனாருக்குப் பொய்யும் வராது, என்னைக் கவிழ்க்கவும் மனசு வராது. "எனக்கு நாளுக்கு ஆயிரத்து நூறுண்ணே. தம்பிக்கு அம்புட்டு வராது. ஆனா மழை பேஞ்சாலும் சம்பளம் உண்டு!"

மாமா அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்புறம் கொத்தனார் கழுத்து மாலையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கல்யாண வயசுல பையன் எவனும் இருக்கானாண்ணே?" என்று கேட்டாரே பார்க்கணும்!

நான் அவசரமாக மாமா கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தேன்.

"இருக்கான்ணே" என்றார் கொத்தனார். "நம்மளாட்டம் வெயில்ல கெடந்து சாக வேணாம்னு இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன். கொட்டாம்பட்டிப் பக்கம் சூப்பர்வைசரா இருக்கான். வண்டிக்குப் பெட்ரோல் நான்தேன் போட்டு விடுறேன்."

வருகிற தையில் எனக்குக் கல்யாணம், சகாக்களே. வேறு எங்கே தேடினாலும் இன்னொரு சூப்பர்வைசர்தான் கிடைப்பான் என்பது மாமாவுக்குப் புரிந்துவிட்டது.