அளக்காமல் விட்ட ஜல்லி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வரகில் வழுக்கி விழுந்தேன். ரோடு வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று நெடுஞ்சாலைத் துறையில் கேட்டார்கள். வீரதீரம் எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். என் சர்வீஸில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பயத்தில் கை தவறிச் செய்தது.

1. வரகு

எழுபதுகளின் கடைசி. அரியலூரில் எங்கள் பக்கத்தில் கார் என்றால் ஒரு டாக்டர் வீட்டு அம்பாசிடர்தான். அதுவும் தள்ளிவிட நாலு பேர் கிடைக்கிற நாளில்தான் ஓடும். மற்ற எல்லோரும் நடந்தோம், முடிந்தவர்கள் சைக்கிள் மிதித்தோம். ஆபீஸுக்கு ஒரு ஜீப் உண்டு. அது ஏ.இ. சாருக்கு, அதாவது எங்கள் உதவிப் பொறியாளருக்கு. ஒர்க் இன்ஸ்பெக்டரான எனக்கு என் சொந்த சைக்கிள்.

ஜெயங்கொண்டம் ரோட்டில் ஊர் முடிகிற இடம் என் பொறுப்பு. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் வீடுகள். அந்த வீடுகளுக்கு ரோடுதான் வாசல். கன்றுக்குட்டி கட்டுவது, தலை வாருவது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அதன்மேல்தான். அறுப்புக் காலத்தில் வரகுத் தாளை ரோடு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொள்வார்கள்.

ஏ.இ. சார் என்னைக் கூப்பிட்டார். "ரோடு வண்டி போறதுக்குய்யா, போரடிக்கிறதுக்கு இல்ல. மொதல்ல அதை க்ளியர் பண்ணு."

க்ளியர் பண்ணத்தான் போனேன். அதிகாரமாக பெல்லடித்துக்கொண்டே வரகின்மேல் சைக்கிளை ஏற்றினேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் எழுந்து பார்த்தபோது பெண்கள் எல்லோரும் வாயில் முந்தானையை வைத்திருந்தார்கள். அவர்களில் செல்லம்மா என்பவர் மட்டும் வாயைத் திறந்தார்.

"வந்ததும் வராததுமா உருண்டு மிதிச்சுக் குடுத்தீங்களே! பஸ்ஸு தேவலையா, நீங்க தேவலையான்னு யோசனையா இருக்குங்க."

அந்த அவமானத்தில் எனக்குக் கடமை உணர்ச்சி பொங்கிவிட்டது. மேஸ்திரி கலியனையும் ஆட்களையும் வைத்து ஒரு தாள் விடாமல் கூட்டிப் பெருக்கினேன். மறுபடி போடாதபடி காவல் காத்தேன். ரோடு கண்ணாடி மாதிரி ஆனது. சார் பாராட்டினார். சைக்கிளில் போகும்போது நானே ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

2. சிவப்புக்கொடி

நான் பார்க்காதது ஒன்று இருந்தது. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். தாள் அடியில் சுற்றிக்கொள்ளும், டயர் வழுக்கும் என்று வரகு கிடந்தவரை மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போனவை அவை. இப்போது பறந்தன.

செல்லம்மா பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து வேர்க்கடலை விற்பவர். அவர் மகள் தமிழ்ச்செல்வி அங்கேதான் அஞ்சாவது படித்தாள். இளம்பிள்ளை வாதம் வந்த கால். இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு, டக் டக்கென்று மெதுவாகத்தான் நடப்பாள். வாயில் மட்டும் வேகம் உண்டு.

ஒரு நாள் செல்லம்மா என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"வரகு கெடந்தப்ப லாரிக்காரன் பூனையாட்டம் வந்தான். நீங்க கூட்டிப் பெருக்கி, அவனுக்குப் பந்தல் போட்டுக் குடுத்துட்டீங்க. எம் பொண்ணு ஓடித் தப்பிக்கிற பொண்ணா சொல்லுங்க? கடலை சீசன் முடிஞ்சிருச்சு. நான் கூலிக்குப் போயிட்டா யாரு கையப் புடிச்சுக் கடத்தி வுடறது? இந்தப் பரீட்சையோட நிறுத்திடப் போறேன். வூட்டுல கெடக்கட்டும், உசுரோட கெடக்கட்டும்."

அன்றே 'பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு போர்டு நட்டேன். அதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு மாடு முதுகு சொறிந்துகொள்ள வசதியாக இருந்தது. லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நாமே நிற்போம் என்று முடிவெடுத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சிவப்புக்கொடியோடு நடு ரோட்டில் நின்றேன். தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. கொடியை உயர்த்தினேன். லாரி பெரிதானது. இன்னும் பெரிதானது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தேன். கொடியைக் கொடி மாதிரி பிடிக்காமல் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்திருந்தேன்.

கீழே தமிழ்ச்செல்வி நின்றாள். "ரோட்டு சார், எறங்குங்க. லாரி போயி ரொம்ப நேரமாச்சு."

இறங்கினேன். அவள் விடவில்லை. "கால் நடுங்குதே. நான் வேணா கையப் புடிச்சு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த டக் டக் சத்தம் என் கூடவே வந்தது.

3. ரெண்டு லோடு

குழி அடைக்க அங்கே ஜல்லி வர வேண்டியிருந்தது. பெரம்பலூர் பக்கத்துக் குவாரியிலிருந்து ரெண்டு லோடு. ரோட்டை விட்டு இறக்கி, ஓர மண்ணில் தட்டச் சொல்ல வேண்டும். இதுதான் என் வேலை. ஒரு குழந்தைகூடச் செய்துவிடும்.

முதல் லோடு வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "எங்க சார் தட்டறது?" என்று கேட்டார். அதே நேரம் எதிரே ஒரு சுண்ணாம்புக்கல் லாரி பாய்ந்து வந்தது. எனக்குச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. "இங்க! இங்க! நிறுத்து! போதும்! வேணாம்!" என்று ஏதேதோ கத்திக்கொண்டு கொடியை எட்டுத் திக்கும் ஆட்டினேன். டிரைவர் அதில் 'இங்க' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். பாதி ரோட்டை அடைத்து ஜல்லி சரிந்தது.

ரெண்டாவது லோடுக்காரர் அதைப் பார்த்தார். இங்கே இப்படித்தான் போல என்று, கொஞ்சம் தள்ளி எதிர்ப்பக்கம் அதே மாதிரி பாதி ரோட்டில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேலை போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். "கலியன், ஆள் வச்சு ஓரத்துக்குத் தள்ளுய்யா, சார் வர்றதுக்குள்ள!"

கலியன் சாவகாசமாக வெற்றிலை மென்றார். "எப்படி சார் தள்றது? ஏ.இ. சார் வந்து டேப்பு புடிச்சு அளக்காத சரக்கு. தொடக் கூடாதுல்ல? தள்ளி, அளவு கொறஞ்சுதுன்னா திருட்டுக் கணக்காயிடும். உங்களுக்கும் எனக்கும் ஒரே கயிறுதான்."

அது சட்டம். செக் மெஷர்மெண்ட் ஆகாத ஜல்லியை யாரும் தொடக் கூடாது. அளந்த பிறகு குவியல்மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளை அடித்தது அளந்தது, அடிக்காதது அளக்காதது. வேறு வழியில்லாமல், அளவெடுக்க வசதியாகக் குவியல்களின் வடிவத்தை மட்டும் சீராக்கிவிட்டு சாரின் வருகைக்காகக் காத்திருந்தேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அடுத்துப் பாய்ந்து வந்த லாரி முதல் குவியலைக் கண்டதும் பிரேக் போட்டது. இடது பக்கம் வளைந்தது, வலது பக்கம் வளைந்தது. டிரைவர் வெளியே எட்டி, ஜல்லி டயரைக் கிழித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே ஊர்ந்தார். பஸ்ஸும் மெதுவாக வளைந்து போனது. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தாராளமாக வழி இருந்தது. நாலு நாளில் கன்றுக்குட்டி திரும்ப வந்தது. கோலிக்குண்டு வந்தது. தமிழ்ச்செல்வி தனியாகக் கடந்தாள். அவளுக்குப் பிடித்த வேகத்தில்.

செல்லம்மா கூலிக்குப் போகத் தொடங்கினார். மகளை நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "இது எத்தன நாளைக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சார் அளக்கற வரைக்கும்" என்றேன்.

4. டேப்

சார் வந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்து வந்தார். ஜீப்பே வளைந்து வளைந்துதான் வர வேண்டியிருந்தது. இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"யாருய்யா இப்படி ரோட்டு மேல தட்டச் சொன்னது? மூளை இருக்கா? இப்பவே அளந்து, இன்னைக்கே அள்ளு!"

"சரிங்க சார், ஆமாங்க சார்" என்றேன். வேறு என்ன வார்த்தை தெரியும் எனக்கு? கூலி முடிந்து வந்த செல்லம்மா, தலைச்சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்து, குவியலைப் பார்த்து வேகத்தைக் குறைத்து நின்றேவிட்டது. தமிழ்ச்செல்வி ரோட்டில் இறங்கினாள். பாதி வழியில் பூட்ஸ் வார் கழன்றுவிட்டது. நின்றாள். புத்தகப் பையைக் கீழே வைத்தாள். குனிந்து நிதானமாக வாரை மாட்டினாள். லாரி காத்திருந்தது. டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டார். டக் டக்கென்று அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள்.

ஏ.இ. சார் அவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "டேப் எங்கய்யா?" என்றார்.

டேப் என் தோள்பையில் இருந்தது. "கொண்டாரலைங்க சார்" என்றது வாய். நான் சொல்லவில்லை, சத்தியமாக வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் பார்த்தேன். தோல் உறை போட்ட அந்த டேப்பின் பித்தளைக் கைப்பிடி பையை விட்டு வெளியே நீட்டி, வெயிலில் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"சார், அதோ பையில..." என்று ஆரம்பித்தாள் தமிழ்ச்செல்வி. செல்லம்மா அவள் வாயைச் சும்மாட்டுத் துணியால் பொத்தினார்.

சார் கைப்பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணிக்கு மேலே உருண்ட அந்த ரெண்டு கண்களையும் பார்த்தார்.

"டேப் இல்லாம எப்படிய்யா அளக்கறது? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

ஜீப்பில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "இந்தாய்யா, ராத்திரி வர்றவனுக்குத் தெரியணும். ஓரமா பெரிய கல்லா வெச்சு வெள்ளை அடி. குவியல் மேல அடிச்சுத் தொலைக்காத, அளந்ததா ஆயிடும்."

அடுத்த தடவையும் டேப் வரவில்லை. அதற்கடுத்த தடவை சாரே, "இன்னைக்கும் மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பை விட்டு இறங்காமலே போனார். குழி அடைக்க வேறு லோடு வாங்கிக்கொண்டோம். குவியல் ஓரத்தில் புல் முளைத்தது. எனக்கு வேப்பந்தட்டைக்கு மாற்றல் வந்தபோது தமிழ்ச்செல்வி அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏற நின்ற என்னிடம், "பாத்து ஏறுங்க ரோட்டு சார், பஸ்ஸும் லாரி மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் தம்பிகளே. போர்டைப் படித்து எவனும் பிரேக் போட மாட்டான், தன் டயரை நினைத்துத்தான் போடுவான். ரோட்டை யார் வேகமாகக் கடக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். யார் மெதுவாகக் கடக்கிறார்கள் என்று பார்த்து வேலை செய்யுங்கள்.

இன்னொன்று. டேப்பைப் பையின் அடியில் வையுங்கள். எனக்கு வாய்த்த அதிகாரிக்குக் கண் இருந்தது. உங்களுக்கு வாய்க்கிறவர் எப்படியோ.