கை எது, கால் எது

பஞ்சாலை இயந்திரத்தில் என் வலது கையின் நான்கு விரல்கள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் வரவேண்டிய ஊன உதவித்தொகை கேட்டுத் திருநெல்வேலியில் வழக்குப் போட்டிருந்தேன். அது வந்தால்தான் மகளுடைய காலேஜ் படிப்பு தொடரும். வந்ததென்னவோ வாய்தாதான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராதாபுரத்தில் பஸ் ஏறுவேன். வக்கீலுக்கு ஒரு கிலோ உடன்குடிக் கருப்பட்டி கொண்டுபோவேன். பெரியமனுஷரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அவர் கருப்பட்டியை முகர்ந்து பார்ப்பார்; என் கேஸ் கட்டைத்தான் பிரித்தே பார்க்கமாட்டார். "பைய நடக்கும்மா. கோர்ட்டுன்னா அப்படித்தான்" என்பார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். என்னைப்போல இளிச்சவாய் ஜில்லாவிலேயே இருந்திருக்கமாட்டாள்.

ஒரு விசாரணையில் நீதிபதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கால்லம்மா அடி?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் வக்கீல் எழுந்து அடுத்த தேதி வாங்கிவிட்டார்.

அன்றே அவருடைய குமாஸ்தாவிடம் கேட்டு மனுவைப் படித்தேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் இடது கையால் கிறுக்கிக் கையெழுத்திட்டதோடு சரி, அதுவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. வக்கீல் எழுதியதைப் படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி என்று ஒரு கூச்சம். மனுவில் எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது! வேறு யாருக்கோ எழுதிய மனுவில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். மருத்துவச் சான்றிதழோ கையைச் சொன்னது. வழக்கு இழுத்ததன் காரணம் இதுதான்.

நேரே வக்கீலிடம் போனேன். "கேஸ் கட்டைத் தாங்க சார். இனி நானே பாத்துக்கிடுதேன்."

அவர் சிரித்தார். "ஒனக்குச் சட்டம் தெரியுமாம்மா?"

"சட்டம் தெரியாது சார். கை எது, கால் எதுன்னு தெரியும்."

சிரிப்பு நின்றது. நானே வழக்கை நடத்த ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்துக் கட்டை என் பக்கம் தள்ளினார். மேஜைமேல் இருந்த அன்றைய கருப்பட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து திருத்த மனுவை நானே எழுதினேன். எழுத்து கோணல்மாணல், விஷயம் நேர். நீதிபதி அதைப் படித்தார், சான்றிதழைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். அதன்பின் இரண்டே விசாரணை. உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். மகளுக்கு போன் போட்டு, "ஏட்டி, ஜெயிச்சிட்டோம். காலேஜுக்குக் கிளம்பு" என்றேன்.

கோர்ட்டு வராந்தாவில் பழைய வக்கீல் எதிரே வந்தார். "எந்த வக்கீலம்மா மனு எழுதிக் குடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.