மலையாளத்துல அடிச்ச வடகரப்பதிப் பொண்ணு

இன்னைக்கு பஸ்ஸுல ஃபோன்ல மலையாளத்துல மெசேஜ் அடிச்சிட்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டாங்க, "ஏனுங்க, தமிழ் பேசறீங்க, மலையாளம் இவ்வளவு வேகமா அடிக்கறீங்க?"

அதுக்குக் காரணம் எழுபதுகள்ல நான் பி.ஏ. படிச்ச கடைசி வருசம்.

எங்க ஊரு வடகரப்பதி கேரளாவுல இருந்தாலும் ஊட்டுல எல்லாமே தமிழ். ஆபீஸ் வேலைக்கு மலையாளம் வேணும்னு காலேஜ் முடிஞ்சதும் தினமும் மலையாள டைப்பிங் கிளாஸுக்குப் போனேன். எழுத்து தெரியாமலே டைப்பிங்ல சேர்ந்த ஆளு நான் ஒருத்திதான். அடிச்சு அடிச்சுத்தான் எனக்கு எழுத்தே படிஞ்சுது.

பரீட்சை எழுதின கையோட ஒரு கூட்டுறவு சொசைட்டியில டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. அப்பாவும் கூட வந்து வராண்டாவுல உக்காந்திருந்தாரு.

அதிகாரி என் ஊர்ப் பேரைப் பார்த்துட்டு, "தமிழாணல்லே? மலையாளம் அறியுமோ?"ன்னாரு. தமிழ்தானே, மலையாளம் தெரியுமான்னு கேக்கறாரு.

"அடிச்சுக் காட்டறேன் சார்"னேன்.

அவர் ஒரு நீளமான கடிதத்தை வாசிக்க வாசிக்க அடிச்சேன். அடிச்ச தாளை வாங்கித் தப்பைச் சுழிக்கப் பென்சிலோட படிச்சவரு, ஒண்ணும் சுழிக்காமலே கடைசி வரிக்கு வந்து பென்சிலைக் கீழ வெச்சுட்டாரு.

"எப்ப சேர முடியும்?"னு கேட்டாரு.

வெளிய வந்து சொன்னதும் அப்பா, "சரி சாமி, போலாம்"னாரு. அவ்வளவுதான். ஆனா பஸ்ஸுல ஏறினதுல இருந்து பார்த்தவங்ககிட்டயெல்லாம், "எம்புள்ள மலையாளத்துல அடிச்சிருச்சுங்க"ன்னு சொல்லிட்டே வந்தாரு.

"யாரைங்க அடிச்சுது?"ன்னு பாதிப் பேரு பதறிட்டாங்க.

உங்க ஊட்டுலயும் பெருமை பேசியே மாட்டி விட்ட அப்பா இருந்தாருங்களா?