‘என்னது’ கட்டியிருந்த வாட்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் "போங்க சார், ரீல் விடாதீங்க" என்றார்கள். மீதிப் பேர் அன்றிலிருந்து மாடிப்படிதான் ஏறுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் படித்து முடித்துவிட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நடந்தது எனக்கல்ல, என் சகலைக்கு. என் மனைவியின் தங்கை புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பொய் சொல்ல வராத மனுஷர். வந்திருந்தால் வாட்ச் வாங்கிய ஒவ்வொரு தடவையும் வீட்டில் மாட்டியிருக்க மாட்டார்.

வாட்ச்தான் அவருடைய பைத்தியம். அதுவும் எல்லா வாட்சும் இல்லை. பேட்டரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடும், கையிலேயே அலாரம் அடிக்கும் பழைய வாட்ச். அதில் இரண்டு சாவி இருக்கும். கீழ்ச்சாவி நேரத்துக்கு, மேல்சாவி அலாரத்துக்கு. மற்ற முட்களோடு கூடுதலாக ஒரு மெல்லிய முள். அதை எந்த மணியில் நிறுத்துகிறோமோ, அந்த மணிக்கு உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் பின்மூடியைப் படபடவென்று தட்டும். தீப்பெட்டிக்குள் வண்டைப் போட்டு அடைத்த மாதிரி ஒரு சத்தம். சத்தத்தைவிட அதிர்வுதான் சுகம் என்பார் சகலை. மணிக்கட்டு எலும்பில் ஏறி முழங்கை வரைக்கும் போகுமாம்.

இப்படி ஐந்து வைத்திருந்தார். ஒன்று தொண்டையைச் செருமும், ஒன்று சிடுசிடுக்கும். கண்ணை மூடிக்கொண்டே எது அடிக்கிறது என்று சொல்லிவிடுவார். "என் பேச்சுக்கு என்னிக்காவது இப்படிக் காது குடுத்திருப்பாரா?" என்று என் மச்சினி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஆறாவது வாட்ச் தானாகத் தேடி வந்தது. கொடுத்தவர் அவருடைய ஃபோர்மேன்.

ஃபோர்மேன் எப்போதும் சிரித்த முகம். திட்டும்போதும் சிரிப்பார். லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் ஜோடி. ஒருவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்குவார். இன்னொருவர் உச்சியில் மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்பார். கீழே இருப்பவர் உயிர் மேலே இருப்பவர் கையில். சகலை கீழே, ஃபோர்மேன் மேலே. இரண்டு வருஷமாக அப்படித்தான்.

"வீட்டுல சும்மா கெடக்கு, தம்பி. நீதான் இந்தக் கிறுக்கு புடிச்சவனாச்சே" என்று நீட்டினார். "அலாரம் அடிக்காது. அத நோண்டாத. நேரம் பாக்க வச்சுக்க."

வெண்ணெய் நிற முகம், ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அலார முள்ளின் நுனியில் சிவப்பு. அது மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் நின்றது. இரண்டு ஐம்பது.

நோண்டாதே என்று சொன்னால் நோண்டாமல் இருக்க அவர் என்ன சாமியாரா? ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பின்மூடியைத் திறந்தார். கோளாறு ஒன்றுமே இல்லை. சுத்தியல் நன்றாக இருந்தது. ஆனால் சுத்தியலுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு தோல் துண்டு. தடித்த பழுப்புத் தோல், விரல் நகத்தளவு. தானாக வந்து விழுந்த குப்பை இல்லை. பிளேடால் அளவெடுத்து வெட்டிச் செருகியிருந்தது. சுத்தியல் தட்டினாலும் வெளியே தெரியாது. கையிலும் உறைக்காது.

எந்த மடையன் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே இடுக்கியால் எடுத்து ஒரு மாத்திரை டப்பியில் போட்டார். மேல்சாவியைத் திருகி முள்ளை நேரத்துக்குக் கொண்டுவந்தார்.

அடித்தது. ஐந்திலும் இல்லாத குரல். கரகரவென்று, ஆத்திரமாக...

சந்தோஷத்தில் மச்சினியைக் கூப்பிட்டுக் காட்டினார். "என்னங்க இது, யாரையோ வையுற மாதிரி இருக்கு?" என்றாள் அவள்.

அலார முள்ளைக் காலை ஆறுக்குத் திருப்பி வைத்தார். திங்கள் காலை அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் சிவப்பு நுனி இரண்டு ஐம்பதில் நின்றது. தானே மறந்திருப்போம் என்று நினைத்தார். அன்று மதியம், மேல்சாவி கொடுக்காமலே, சரியாக இரண்டு ஐம்பதுக்கு அடித்தது.

அது அடிக்கும்போது இன்னொன்றும் நடந்தது. தெருவில் போன வண்டிச் சத்தம் நின்றது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் வாய் மட்டும் அசைந்தது. கையில் அதிர்வு மட்டும். அலாரம் ஓய்ந்த பிறகுதான் காது திறந்தது.

செவ்வாயும் அப்படியே. வீட்டுக்கு வந்த பிறகும் காது பாதி அடைத்தே கிடந்தது. எதைச் சொன்னாலும் "என்னது?" என்று கேட்டார். மச்சினி வெறுத்துப்போனாள். "நானும் பாக்குறேன், ரெண்டு நாளா என்னது என்னதுன்னு உயிர வாங்குறீங்க."

புதன்கிழமை மதியம் கம்பெனி ஸ்டோருக்கு நட்டு போல்ட்டு வாங்கப் போனார். அங்கே இருக்கும் அக்கா முப்பது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர். சகலையின் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இது என்னதோட வாட்ச் ஆச்சே."

"எதோட வாட்ச்?"

"என்னதோட."

"அதத்தாங்க்கா நானும் கேக்குறேன். என்னது?"

"அவரேதான்."

சகலை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சகலை வருவதற்கு முன்பு இங்கே ஒரு மெக்கானிக் இருந்தாராம். காது மந்தம். யார் எது சொன்னாலும் "என்னது?" என்பதால் அதுவே பெயராகிவிட்டது. மேலேயிருந்து கத்தினால் குழிக்குள் அவருக்குக் கேட்காது. அதனால் தேடிப்பிடித்து இந்த வாட்சை வாங்கினார். கரண்ட் மூன்று மணிக்கு வருமென்றால் இரண்டு ஐம்பதுக்கு வைப்பார். கையில் அதிர்ந்ததும் ஏறி வந்துவிடுவார். பத்து வருஷம் ஒரு நாள் தவறியதில்லை.

"ஒரு நாள் ஏறி வரல" என்றார் அக்கா. "லிஃப்ட் எறங்கிடுச்சு. அப்ப மேல நின்னவருதான் இன்னிக்கு ஃபோர்மேன். என்னதுக்கு வர வேண்டிய ஃபோர்மேன் வேலை அது. வாட்ச் நசுங்கிப்போச்சுன்னு சொன்னாரு. இது எப்படிப்பா முழுசா இருக்கு?"

சகலைக்குத் தோல் துண்டு ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாட்ச் அடித்தது. நிமிர்ந்தால் வாசலில் ஃபோர்மேன். அன்றுதான் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் சகலை பார்த்தார். சத்தம் ஓயும்வரை அவர் அசையவில்லை.

"நோண்டாதன்னு சொன்னேன்ல, தம்பி. உள்ள என்ன இருந்துச்சு?"

பொய் வராத வாய். "தோல் துண்டுண்ணே."

"எங்க அது?"

"வீட்டுல."

சிரிப்பு திரும்பி வந்தது. "சரி. நாளைக்குக் குழி வேலை. நீதான் எறங்கணும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது குறுகுறுத்த மாதிரி தெரியவில்லை. கணக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"போகாதீங்க" என்று மச்சினி அழுதாள். "போகலன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்கு உறுதியாயிடும். முதலாளி வெள்ளிக்கிழமை வந்ததும் சொல்லிடறேன். ஒரு நாள்தானே?" என்றார் சகலை. எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் காலை உடைத்தாவது நிறுத்தியிருப்பேன். போடவில்லை. வாட்சையும் மாத்திரை டப்பியையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மச்சினி இடுப்பில் செருகச் சொன்னார். வெறுங்கையோடு வேலைக்குப் போனார்.

ஆறு மாடிக் கட்டிடம். இழுத்து மூடும் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். பெட்டி குழித் தரையில் மோதாமல் தாங்கும் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். லிஃப்ட் பெட்டி மேல்மாடியில் நின்றது. மூன்று மணி வரை கரண்ட் இல்லை என்று பேச்சு.

"மூணு வரைக்கும் போட மாட்டீங்கல்லண்ணே?"

"என் கையில விட்டுட்டு நீ எறங்கு, தம்பி."

குழிக்குள் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் மேலே கரண்ட் போட்டாலும் பெட்டி அசையாது. சகலை அமுக்கினார். இரண்டு தடவை அமுக்கினார். ஸ்பிரிங்கைக் கழற்றினார்.

வியர்வை. கிரீஸ் நாற்றம். மேலே ஆறு மாடி இருட்டு.

திடீரென்று அவர் கையிலிருந்த சுத்தியலின் சத்தம் நின்றது. அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். சத்தம்தான் இல்லை.

காது அடைத்துவிட்டது.

பிறகு, வெறும் மணிக்கட்டில்... எலும்புக்குள்... படபடவென்று...

கையைப் பார்த்தார். வாட்ச் இல்லை. தோல் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஏணியில் எப்படி ஏறினார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கீழ்த்தள வாசலில் உருண்டு விழுந்தார். பிடரியில் காற்று அடித்தது.

திரும்பினார்.

பெட்டி இறங்கியிருந்தது. ஸ்பிரிங் இல்லாத குழியின் தரை வரைக்கும்.

கட்டிட வாசலில் இருந்த கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்திரண்டு.

மெல்லக் காது திறந்தது. மேலே காலடிச் சத்தம். நிதானமாகப் படியிறங்கி வருகிற சத்தம். சகலை படி வளைவில் ஒண்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

ஃபோர்மேன் முதல் மாடியில் நின்றார். கம்பிக் கதவை இழுத்தார். உள்ளே தலையை நீட்டிக் குனிந்து, கீழே பார்த்தார். "தம்பி... முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கீழே பெட்டி கிறீச்சென்றது.

ஏறத் தொடங்கியது.

இரும்பு இரும்பில் உராய்கிற சத்தம். கட்டிடமே அதிர்ந்தது. காதுள்ளவன் எவனும் தலையை இழுத்திருப்பான். அவர் இழுக்கவில்லை. குனிந்தபடியே இருட்டுக்குள் பக்கவாட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

கொல்ல வந்தவன்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சகலை ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"அண்ணே! தலைய எடுங்க!"

ஏதோ அசைவதைக் கண்டு அவர் முகத்தை மட்டும் திருப்பினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"என்னது?" என்றார்.

அதுதான் கடைசி.

போலீஸ் வந்தது. மோட்டார் ரூமில் மெயின் சுவிட்ச் அணைத்துப் பூட்டியிருந்தது. பூட்டுச் சாவி ஃபோர்மேன் சட்டைப்பையில். பெட்டி எப்படி ஏறியது என்று வந்த இன்ஜினியர்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குழியில் சிவப்பு பட்டனின் ஒயர் மட்டும் கழற்றிவிடப்பட்டிருந்தது. அதைக் கழற்றியது யாரென்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் மச்சினி சொன்னாள். பூட்டிய பீரோவுக்குள் அலாரம் அடித்ததாம். வழக்கமாகக் கால் நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அன்று நிமிடக்கணக்கில் ஓயவில்லை. பிறகு, அடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றது. அதற்குப் பிறகு எத்தனை சாவி கொடுத்தும் அது அடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் மெஷின் கோளாறு என்று விட்டிருப்பேன்.

நாலாம் நாள் சகலையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அதிகாரி ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார்.

"உங்க வேலையில இத எதுக்காவது யூஸ் பண்ணுவீங்களா? பாடிய அறுத்த டாக்டர் எடுத்தது. ரெண்டு காதுலயும் ஒண்ணு ஒண்ணு இருந்துச்சாம். ஆழமா."

உறைக்குள் இரண்டு தோல் துண்டுகள். தடித்த பழுப்புத் தோல். ஒரே துண்டைப் பிளேடால் சரிபாதியாக வெட்டியது.

வீட்டுக்கு வந்தோம். மச்சினி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். பீரோவை நான்தான் திறந்தேன். மாத்திரை டப்பி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மூடியைத் திருகினேன்.

காலி.