ஏன் வரலைன்னு கேக்கப்பிடாது

எனக்கு வாய் நீளம். தாராவிக் குழாயடியில் நின்று குடம் பிடித்தவளுக்கு வேறெப்படி இருக்கும்? ஆனால் சுயம்பு அண்ணாச்சி நினைப்பு வந்தால் மட்டும் என் வாயை நானே பொத்திக்கொள்வேன். அவர் எங்கள் சந்துக்கு வைத்துவிட்டுப் போன ஒரே சட்டம் அப்படிப்பட்டது.

திருநெல்வேலிப் பக்கத்து ஆள். என் வீட்டுக்காரர் சந்தியாகுவும் அவரும் தோல் பதனிடும் ஒரே கொட்டடியில் வேலை பார்த்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை முக்கி எடுத்து முக்கி எடுத்து அண்ணாச்சியின் கை எப்போதும் வெந்து வெளுத்திருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் சத்தம் வராது.

அப்போது தாராவியில் ஊருக்கொரு சங்கம் இருந்தது. நீ சேருகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் பிறந்தாய் அல்லவா, சேர்ந்தாயிற்று. ஊர்க்காரர் ஒருவர் செத்தால் பாடை தூக்க வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை வந்தே தீர வேண்டும். வராதவனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடுவில் நிறுத்தி, "ஏம்ல வரல?" என்று கேட்பார்கள். கேட்பது பெரிய காரியமில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் பதில் சொல்லி மாப்புக் கேட்க வேண்டும், அதுதான் காரியம்.

அறுபத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு சாவுக்கு அண்ணாச்சி போகவில்லை. அன்றைக்கு அவருடைய ஒரே மகளுக்கு வலிப்பு. கூட்டத்தில் நிறுத்தி, தலைவர் அய்யாத்துரை கேட்டார். அண்ணாச்சி காரணத்தைச் சொல்லியிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை.

"வரணும்னு தோணிச்சின்னா வருவேன். என்னைய நிறுத்திக் கேக்காதீய" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அவ்வளவுதான், ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை போய்விட்டது. சங்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையிலேயே ஏந்திக்கொண்டு மழையில் நடந்து போனார். பின்னாலேயே என் வீட்டுக்காரர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு போனார். அண்ணாச்சியின் மனைவி சண்முகவடிவு மைனி என் மடியில் கிடந்து கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன வே?" என்று பிறகு சந்தியாகு கேட்டார்.

"எம்பிள்ளைக்கு வலிப்பு வந்ததை இவனுவ முன்னால மாப்புக்காவ எடுத்து வைக்கவா?" என்றார் அண்ணாச்சி.

கொஞ்ச நாளில் எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து குழாயடிக் கம்பத்தில் தொங்கவிட்டார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வந்து இதைத் தட்டலாம். ஊர் கிடையாது, சாதி கிடையாது. இந்து, எங்களை மாதிரிச் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், துலுக்கன் எல்லாம் ஒன்று. கேட்டவன் வர நினைத்தால் வருவான். "வராதவன்ட்ட மட்டும் ஏன் வரலைன்னு கேக்கப்பிடாது. அவ்வளவுதான்" என்றார்.

நான் சிரித்தேன். "நல்லாருக்கு அண்ணாச்சி! கேக்க ஆளில்லன்னா எவன் வருவான்?" என்றேன்.

வந்தார்கள். எதிர்வீட்டுச் சபுராவின் வாப்பாவுக்கு வந்தார்கள், என் மாமியாருக்கு வந்தார்கள். கொட்டடி ஆபீசில் மாட்டுங்காவிலிருந்து வரும் கிளார்க் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "தலைவரே வேண்டாம், அவாளவா இஷ்டப்பட்டுச் சேர்ந்துண்டா போறும்னு ஒரு சித்தாந்தமே இருக்கு. அனார்க்கிசம்னு சொல்லுவா" என்றாராம். அந்தச் சொல் என் வாயில் நுழையவில்லை. அண்ணாச்சி, "பேரு இருந்தா சரிதான்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சந்தின் கடைசி வீட்டில் இசக்கிப்பாண்டி இருந்தான். வடாலா கோடவுனில் மூட்டை தூக்குகிறவன். இரும்புச் சத்தம் கேட்டதும் அவன் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு சாவுக்கும் வந்ததில்லை. அவன் மனைவி முப்பிடாதியம்மாள் காமாலையில் போனபோது அவனே வந்து இரும்பைத் தட்டினான். ஆண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்கம்மைக்கு வந்தானா? எவன் வீட்டுக்காவது வந்தானா? இப்ப மட்டும் எந்த முகத்தோட தட்டுதான்?" என்று முதலில் கத்தியது என் வீட்டுக்காரர்தான்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பிணத்தின் மேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது. கடைசியில் ஒருவர், "சுயம்பு, நீரு ஒரு வார்த்தை தூக்குங்கன்னு சொல்லும். உமக்காவத் தூக்குதோம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அண்ணாச்சி, "நான் சொல்லித் தூக்கினா அது சங்கம்லா வே. அங்கருந்துதான வந்தேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொணம் நாறப்போவுது, நீரு நியாயம் பேசுதீரே அண்ணாச்சி! ஒரு வார்த்தை சொன்னா வாயிலருந்து முத்தா உதிந்திரும்?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் போறேன்னு எனக்குத்தான் சொல்லிக்கிட முடியும் தாயி" என்றார்.

பிறகு தன் வேட்டியொன்றை எடுத்துவந்து கெட்டியான மூங்கிலில் தூளி கட்டினார். அநாதைப் பிணத்தைத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள். முன்னால் அவர், பின்னால் இசக்கி. இரண்டே பேர் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டினார்கள். அண்ணாச்சி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சயான் சுடுகாட்டு வழியில் முன்பின் தெரியாத மராட்டிக்காரர்கள் இரண்டு பேர் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தார்களாம்.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. காலையில் குழாயடிக்குப் போகவே என் வீட்டுக்காரருக்குக் கால் வரவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். அண்ணாச்சி அங்கே பல் தேய்த்துக்கொண்டு நின்றார். தோளில் மூங்கில் அழுத்திய இடம் கன்றியிருந்தது. இவரைப் பார்த்ததும் எப்போதும் கேட்பதைப் போலவே, "என்ன வே, தண்ணி வந்துட்டா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, பெருந்தன்மை காட்டுகிற பாவனையும் இல்லை. இவர் வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு அந்த இரும்பு ஒலித்து இவர் போகாத சாவு இல்லை.

அறுபத்தொன்பதில் அண்ணாச்சி தொட்டியடியிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யார் சொன்னார்களோ, இசக்கிதான் ஓடிவந்து இரும்பைத் தட்டினான். கம்பமே ஆடியது. சந்து கொள்ளாத கூட்டம். ஒதுக்கிவைத்த சங்கத்தின் ஆட்கள் சிலரும் வந்தார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பாடை குழாயடியைக் கடந்தது. இசக்கி கம்பத்தடியில் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. ஒரு கை கொடுக்கவில்லை. படுபாவி, உன் பெண்டாட்டியைச் சுமந்த தோள் அல்லவா அது! எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். வாசலில் என் பக்கத்தில் கிடந்த வடிவு மைனி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காத சேசம்மா. அவருக்குப் பிடிக்காது" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஆண்கள் திரும்பி வந்தார்கள். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அதனால் எல்லாரும் குழாயடிக்கே வந்தார்கள். இசக்கி இன்னும் அங்கேயே இருந்தான். என் வீட்டுக்காரர் நேராக அவனிடம் போனார். முகம் கடுகடு என்று இருந்தது. இன்றைக்குக் கொலை விழப்போகிறது என்று நான் வாசலுக்கு ஓடி வந்தேன்.

இசக்கி தலையைத் தூக்கிப் பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்வான் போல இருந்தது அந்த முகம். இவர் அவன் முன்னால் நின்றார்.

"என்ன வே, தண்ணி வந்துட்டா?" என்றார்.

இசக்கி, "இன்னும் வரல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். சந்தியாகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.