அக்கா வரைந்த அம்மா

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டனில் எங்கள் தட்டி வீட்டுக்கு ஒரே அறை. அடுப்புக்கு எதிரே, உள்சுவரில், என் அம்மா இருந்தாள். மூங்கில் தட்டியின் மேல் செம்மண் பூசி, அது காய்ந்ததும் அடுப்புக்கரியாலும் சுண்ணாம்பாலும் அக்கா அவளை வரைந்திருந்தாள். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா என்றால் சுவரில் இருப்பவள் என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் நடப்பதும் பேசுவதும் எனக்கு வியப்பாகப் படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதம், அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பதினான்கு வயது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தார். ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பேச்சு அதிகம் கிடையாது. சாப்பிடும்போதும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சமைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, எனக்குத் தலை பின்னுவது எல்லாம் அக்காவின் பாடு. அத்தனைக்கும் நடுவில் தினமும் ஈரமண் குழைத்து நேற்றைய அம்மாவை மெழுகி மறைப்பாள். சுவர் காய்ந்ததும் இன்றைய அம்மா வருவாள். ஒரு நாள் கூடையோடு சந்தைக்குக் கிளம்பியிருப்பாள், இன்னொரு நாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருப்பாள். நான் சாப்பிட அடம்பிடித்தால், மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, அம்மா இன்னாத்துக்கு அந்தப் பக்கம் பாக்குது?"

"நேத்து நீ துன்னியா? அதான் கோவம். இன்னிக்கி துன்னு, நாளைக்கித் திரும்பிடும்."

தின்றேன். மறுநாள் அம்மா திரும்பியிருந்தாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்பு சரியாக அமைய அக்கா எத்தனை முறை கரியை வைத்து வைத்துத் துடைத்திருப்பாள்!

பிறகு பிளேக் வந்தது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் எலி செத்து விழுந்தது. இரண்டே நாளில் அந்த வீட்டுக்காரர் படுத்துவிட்டார். சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வரிசை முழுவதும் காலி செய்ய வேண்டும், மறுநாள் காலையில் வீடுகளைக் கொளுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டினாள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அம்மா?"

அவள் வெளியே போய் மண் வெட்டிவந்து குழைத்தாள். சாமான்கள் வாசலில் கிடக்க, உள்ளே சுவரை மெழுகத் தொடங்கினாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "பைத்தியமாடி உனக்கு? கொளுத்தப்போற ஊட்டுக்கு இன்னாத்துக்கு மண்ணு?" என்றாள். அக்கா திரும்பவில்லை. சுவர் முழுவதும் வெறும் செம்மண்ணானபின் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தியா? அம்மா நமக்கு முன்னாடியே பொறப்பட்டுப் பூட்ச்சி."

மறுநாள் தொலைவில் நின்று எங்கள் வரிசை எரிவதைப் பார்த்தோம். பிள்ளைகள் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. எங்கள் வீட்டுக்குள்தான் யாரும் இல்லையே.

ஊருக்கு வெளியே வெட்டவெளியில் எங்களுக்குக் கொட்டகை போட்டிருந்தார்கள். காற்றில் படபடக்கும் கித்தான் துணிதான் சுவர்; அதில் எதுவும் வரைய முடியாது. அதனால் அக்கா வாயால் சொன்னாள். அம்மா எந்த ஊர் வரை வந்திருக்கிறாள், யார் வீட்டில் தங்கினாள், என்ன சாப்பிட்டாள் என்று தினமும் ஒரு கதை. எட்டாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது, அக்குளில் கட்டி. நோயாளிகளின் கொட்டகைக்குக் கொண்டுபோக வந்தார்கள். நான் ஓடினேன். அவளே கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராத, பாப்பா. நைனாகிட்ட இரு. சோறு துன்னு."

அவளைக் கொண்டுபோன மூன்றாம் நாள் நண்பகலில் நைனா வந்து என் எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"பூட்டாம்மா."

அம்மாவை அழைத்துவரப் போயிருக்கிறாளா, இரண்டு பேரும் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா நீ பொறந்த அன்னிக்கே செத்துட்டா. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு உங்கக்காதான் என் வாயக் கட்டிப்புட்டா."

அந்தப் பகலில் எனக்கு இரண்டு பேர் இறந்தார்கள்.

இப்போது ராபர்ட்சன்பேட்டையில், வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே தனியாக இருக்கிறேன். நைனா போயும் பல வருஷமாகிறது. அம்மா நிஜமாகவே அப்படித்தான் இருந்தாளா என்று அவரிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன். அம்மாவின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை வரைந்தவளின் முகம்தான் எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. சுவரைப் பார்த்துக் குந்தியிருக்கும் ஒரு முதுகும், முழங்கை வரை மண் அப்பிய இரண்டு மெல்லிய கைகளும்தான் தெரிகின்றன.